ஒரே காலையில் 40 பேருக்கு முடிவெட்டா? அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களுக்கு 'க்ரூமிங்' முகாம் நடத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நவம்பர் மூன்றாவது வாரம் உங்கள் ஆபீஸ் இன்பாக்ஸில் அந்த மெயில் வரலாம். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள். பக்கத்தில் இருக்கும் சிறப்பு மையத்துக்குப் போகிறோம், தன்னார்வலர்கள் பெயர் கொடுங்கள், டி-ஷர்ட் சைஸ் சொல்லுங்கள். ஓவியப் போட்டி, மதிய உணவு ஆகியவற்றோடு இப்போது சில நிறுவனங்கள் 'மென்ஸ் க்ரூமிங் செஷன்' என்று ஒன்றையும் சேர்க்கின்றன. சலூன்காரர்கள் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய், அறிவுசார் குறைபாடுள்ள வயது வந்த ஆண்களுக்கு முடி வெட்டி, ஷேவ் செய்து, நகம் வெட்டி, ஒரு புதுச் சட்டை போட்டுவிடுவது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல காரியமும்கூட. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

பெங்களூருவில் அப்படி ஒரு முகாமுக்கு நானும் போயிருக்கிறேன். காலை 10 மணி முதல் 1 மணி வரை, 4 நாற்காலிகள், 40 பேர். வரிசையாக உட்காரவைத்து மெஷின் போட்டார்கள். 35 வயதைத் தாண்டிய ஒருவர் அடர்த்தியான மீசையோடு வந்திருந்தார். அதிகம் பேசாதவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் மேலுதட்டின் மேல் விரலை வைத்து ஏதோ சொல்லவந்தார். 'ஓகே ஓகே, ஷேவ் பண்ணிடலாம்' என்றார் பக்கத்தில் நின்ற தன்னார்வலர். இரண்டு நிமிடத்தில் மீசை போய்விட்டது. அன்று சாயங்காலம் வரை அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டே இருந்தார். குரூப் போட்டோவிலும் அப்படித்தான் நிற்கிறார். மீசையை எடுக்காதீர்கள் என்பதுதான் அவர் சொல்லவந்தது என்று சாயங்காலம் அழைத்துப்போக வந்த அக்கா சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நேரமில்லை, கேட்கத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

யார் இவர்கள், எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் 15,05,624. ஆண்கள் 8,70,708, அதாவது 58 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் 'எங்கள் பையனுக்கு இப்படி' என்று சொல்லக் குடும்பம் தயாராக இருந்தால்தான் பதிவாகும். பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருப்பதில் மறைக்கப்பட்டவர்களின் பங்கும் இருக்கும் என்பது என் கணிப்பு. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டதால், 15 வருடப் பழைய எண்களை வைத்துத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அறிவுசார் குறைபாட்டுக்கான விளக்கத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, கற்பது, காரண காரியம் யோசிப்பது போன்ற அறிவுத்திறனில் கணிசமான வரம்பு. இன்னொன்று, அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய நடைமுறைத் திறன்களிலும் பழகும் திறன்களிலும் வரம்பு. குளிப்பது, பல் தேய்ப்பது, சவரம் செய்வது எல்லாம் இந்த இரண்டாவது பாதியில் வருகின்றன. இது மனநோய் அல்ல. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஆண்களுக்கென்று தனியாக எதற்கு?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு 62 வயது, மகனுக்கு 34. முப்பது வருடமாக அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டியது அம்மாதான். தலைமுடியைக்கூட வீட்டிலேயே கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார். தாடி மட்டும் அம்மாவுக்குத் தெரியாத வேலை. அப்பா இருக்கும்வரை வாரம் ஒருமுறை ஷேவ் செய்துவிட்டார். அப்பா போன பிறகு?

தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் 76-வது சுற்று ஆய்வு 2018-ல் நடந்தது. மாற்றுத்திறனாளிகளில் 62.1 சதவீதம் பேருக்குப் பராமரிப்பாளர் இருப்பதாக அது சொல்கிறது. எல்லா வகைக் குறைபாடுகளையும் சேர்த்த எண் இது. பராமரிப்பாளர் யார் என்று பெரும்பாலான வீடுகளில் கேட்டால் ஒரு பெண்ணைத்தான் கை காட்டுவார்கள். சிறப்பு மையங்களிலும் ஆசிரியைகளும் ஆயாக்களும்தான் அதிகம். ஆண் உடலைப் பராமரிப்பது பற்றி இன்னொரு ஆணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இவர்களில் பலருக்கு அமைவதே இல்லை. நமக்கெல்லாம் அண்ணன், ஹாஸ்டல் ரூம்மேட், தெருமுனை சலூன் கற்றுக்கொடுத்தது இது.

சலூன் பக்கம் வேறொரு கதை. கூட்டிக்கொண்டு போனால், 'ஆடாம உட்கார மாட்டாரு, வேற கடை பாருங்க' என்ற பதில். அல்லது கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொல்லிவிட்டு, கையைக் காலைப் பிடிக்க இரண்டு பேரை நிறுத்தி வெட்டுவது. இப்படி ஒருமுறை நடந்தால் போதும், அடுத்து பத்து வருடத்துக்குக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே அவர் ஓடிவிடுவார். கடைசியில் வீட்டார் எடுக்கும் முடிவு: வருஷத்துக்கு இரண்டு தடவை மொட்டை.

வளர்ந்த ஆணைக் குழந்தையாகவே வைத்திருக்கும் பழக்கம் இதில்தான் பளிச்சென்று தெரிகிறது. அரைக்கால் சட்டை, கிண்ணம் கவிழ்த்த மாதிரி முடி, 38 வயதில் 'தங்கம்', 'கண்ணா'. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவதற்கும், வேலை நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே கதவு மூடுவதற்கும் இந்தத் தோற்றமும் ஒரு காரணம். அது நியாயமா என்றால், இல்லை. ஆனால் நடக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

நான் போன முகாமையே எடுத்துக்கொள்வோம். 4 நாற்காலி, 3 மணி நேரம்: 720 நிமிடம். 40 பேர் என்றால் ஆளுக்கு 18 நிமிடம். ஒவ்வொருவருக்கும் இடையில் பிளேடு மாற்றி, கிளிப்பரைத் துடைத்து, துண்டு மாற்ற 5 நிமிடம் ஒதுக்குங்கள் (ஒதுக்கினார்களா என்பது வேறு விஷயம்). மிச்சம் 13. உங்களுக்கும் எனக்குமே முடிவெட்டி ஷேவ் செய்ய 13 நிமிடம் போதாது. டிரிம்மரைப் பார்த்துப் பழகவே பத்து நிமிடம் தேவைப்படும் ஒருவருக்கு?

ஆளுக்கு 45 நிமிடம் என்று வையுங்கள். அதே 720 நிமிடத்தில் 16 பேர். யாராவது நடுவில் எழுந்து போய்விட்டுத் திரும்பி வருவதற்கும் இடம் வேண்டும், ஆகவே 12 பேர். இதற்கு மேல் பெயர் எழுதாதீர்கள். 'வெறும் 12 பேரா?' என்று மேலதிகாரி கேட்பார். முகாமை இரண்டு நாள் நடத்தலாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், தாடியோ மறுநாளே எட்டிப்பார்க்கும். டிசம்பர் 3 அன்று செய்த ஷேவ் டிசம்பர் 5 அன்று இருக்காது. ஆகவே நீங்கள் போய்விட்ட பிறகு அங்கே என்ன மிஞ்சும் என்பதுதான் திட்டமிடலில் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மிஞ்சக்கூடியவை இரண்டு: தானே ஷேவ் செய்யக் கற்றுக்கொண்ட ஒரு சிலர், அவர்களைப் பயமில்லாமல் நாற்காலியில் உட்காரவைக்கும் பக்கத்துத் தெரு சலூன் ஒன்று.

அதனால்தான் சொல்கிறேன், மாலில் இருக்கும் பெரிய பிராண்ட் சலூனிலிருந்து ஸ்டைலிஸ்ட்டை வரவழைப்பதைவிட மையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கடை வைத்திருப்பவரைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை சலூன் விடுமுறை, மகாராஷ்டிராவில் பல கடைகளுக்குத் திங்கள். அந்த நாளில் வைத்தால் அவருக்கு வியாபாரம் கெடாது, பரபரப்பும் இருக்காது. தயவுசெய்து சம்பளம் கொடுங்கள். உங்கள் தன்னார்வல நாளுக்கு உங்களுக்குச் சம்பளம் வருகிறது, அவருக்கு வராது.

'மீசை இருக்கட்டுமா, எடுத்துடலாமா?'

முகாமுக்கு ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இதுதான் அதிக நேரம் பிடிப்பதும்.

'முடி வெட்டிக்கலாமா?' என்று கேட்டால் பலர் 'ஆமா' என்பார்கள். 'வெட்ட வேண்டாமா?' என்று கேளுங்கள், அதற்கும் 'ஆமா' வரலாம். இது சம்மதம் அல்ல. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கரோல் சிகல்மனும் சக ஆய்வாளர்களும் 1981-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம்-இல்லை கேள்வி கேட்டால், கேள்வி என்னவாக இருந்தாலும் 'ஆம்' என்று சொல்லும் போக்கு வலுவாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், வாழ்நாள் முழுக்க 'ஆமா' சொன்னால் பாராட்டும், 'இல்லை' சொன்னால் அதட்டலும் கிடைத்த ஒருவர் வேறு என்ன சொல்வார்?

மாற்று வழி, படம். மீசை உள்ள முகம், மீசை இல்லாத முகம், இரண்டு அட்டைகள். 'எது வேணும்?' என்று கேளுங்கள். கைகாட்டியதும் முடிவு செய்துவிடாதீர்கள். இடதும் வலதும் மாற்றிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் அதே படம் என்றால் அது அவருடைய தேர்வு. இரண்டு முறையும் வலது கைப்பக்கம் இருந்ததையே காட்டினால், கேள்வி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நடிகர்களின் படம் வைத்தால் முடிவெட்டைப் பார்க்காமல் பிடித்த நடிகரைத் தேர்ந்தெடுப்பார்கள், அதை மட்டும் கவனியுங்கள். அவருடைய பழைய போட்டோக்கள் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

வீட்டாரிடமும் கேட்கத்தான் வேண்டும். சில விஷயங்கள் அவர்களுக்குத்தான் தெரியும்: கோயிலுக்கு நேர்ந்து முடி வளர்க்கிறாரா, மாலை போட்டிருக்கிறாரா, மதத்தின்படி தாடி எடுக்கக் கூடாதா. சீக்கியராக இருந்தால் கத்தரிக்கோலே கூடாது. ஆனால் வீட்டாரிடம் கேட்பதும் அவரிடம் கேட்பதும் ஒன்றல்ல. 2016 சட்டத்தின் 13-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்க்கையின் எல்லா அம்சங்களிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. அம்மாவுக்கு மீசை பிடிக்கவில்லை, மகனுக்குப் பிடிக்கிறது என்றால்? என் பார்வையில் மகனின் மீசை இருக்கட்டும்.

கூப்பிடும் விதமும் இதில் சேர்த்தி. 20 வயதுத் தன்னார்வலர் 40 வயதுக்காரரை 'தம்பி' என்பது நம் ஊரில் வேறு எங்கும் நடக்காது. 'அண்ணே, கிருதா எவ்வளவு வைக்கட்டும்?' இவ்வளவுதான்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

டிரிம்மர் சத்தம் நமக்கு ஒரு ரீங்காரம். ஒலியும் தொடுகையும் கூடுதலாக உறுத்தும் ஒருவருக்கு, காதுக்குப் பக்கத்தில் அது மிக்சி ஓடுகிற மாதிரி. ஆட்டிசமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது அதிகம். ஆகவே டிரிம்மர் முதலில் அணைத்த நிலையில் அவர் கைக்குப் போகட்டும். பிறகு நாலடி தள்ளி ஓடட்டும். பிறகு அவருடைய உள்ளங்கையில், முழங்கையில், தோளில். கடைசியில் பிடரி. காதோரம் எப்போதும் கடைசி. எந்தக் கட்டத்திலும் 'போதும்' என்று காட்டினால் அங்கேயே நிறுத்தலாம், கத்தரிக்கோலுக்கு மாறலாம்.

மெல்ல வருடுவதுபோலத் தொடுவது பலருக்குக் கூச்சத்தை அதிகமாக்கும். உறுதியாக, உள்ளங்கை முழுதும் படும்படி தொடுவது நல்லது. கழுத்தை இறுக்கும் போர்வைத் துணி சிலருக்கு ஆகாது, பழைய சட்டையோடு உட்காரட்டும், முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். சட்டைக்குள் விழும் முடித்துகள்தான் பல ரகளைகளுக்குக் காரணம். ஒரு பவுடர் டப்பாவும் மெத்தென்ற பிரஷும் அதற்குப் போதும். தண்ணீரைத் தெளிப்பானில் அடிக்கும் முன் சொல்லிவிட்டு அடியுங்கள். எல்லாவற்றுக்குமே இதுதான்: முதலில் சொல்லுங்கள், காட்டுங்கள், பிறகு செய்யுங்கள். உயரமான நாற்காலி பயமுறுத்தினால் சாதாரண நாற்காலி, அதுவும் முடியாவிட்டால் தரை. வேல்ஸ் நாட்டில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற முடிதிருத்துநர், ஆட்டிசம் உள்ள சிறுவனுக்குத் தரையில் படுத்தபடியே முடிவெட்டிய படம் 2015-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தச் சிறுவனோடு பழகி அந்த இடத்துக்கு வர அவருக்குப் பல மாதங்கள் ஆயின என்பதை மட்டும் நிறைய பேர் கவனிக்கவில்லை.

நிறுத்துவதற்கு ஒரு சைகை முடிவு செய்துகொள்ளுங்கள். கையைத் தூக்குவது, சிவப்பு அட்டை, எதுவானாலும் சரி. அவர் காட்டினால் கத்தரி நிற்க வேண்டும், 'இதோ முடிஞ்சிடுச்சு' என்று இன்னும் இரண்டு வெட்டு வெட்டக் கூடாது. பாதித் தலையோடு எழுந்து போனால்? போகட்டும். சாயங்காலமோ அடுத்த செவ்வாயோ மீதி. கையைக் காலைப் பிடித்து முடிப்பதைவிட அரைகுறை முடிவெட்டு எவ்வளவோ மேல்.

மருத்துவ விஷயங்கள்: இதில் சமரசம் கூடாது

நம் சலூன்களில் முடிவெட்டு முடிந்ததும் தலையைத் தட்டி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நெட்டி எடுப்பது ஒரு போனஸ். முகாமில் இதற்கு முழுத் தடை போடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காது. ஆனால் கழுத்தை வேகமாகத் திருப்பினாலோ பின்னால் அழுத்தி வளைத்தாலோ தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. ஷேவிங்குக்காகத் தலையை நாற்காலியின் பின்னால் தொங்கவிடுவதும் வேண்டாம். உண்மையில் நெட்டி எடுப்பது யாருக்குமே நல்லதில்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தது வலிப்பு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வலிப்பு நோயும் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. ஆகவே பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'வலிப்பு உண்டா? என்ன மாத்திரை?' என்ற இரண்டு கேள்விகள் கட்டாயம். வலிப்பு உள்ளவர்களுக்குத் திறந்த பிளேடு வைத்த சவரக்கத்தி வேண்டாம், எலக்ட்ரிக் டிரிம்மர் போதும். வால்புரோயேட் எடுப்பவர்களுக்கு முடி உதிரலாம், சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து சின்னக் கீறலும் நிற்காமல் கசியலாம். பினிட்டாயின் எடுப்பவர்களுக்கு முகத்திலும் உடம்பிலும் முடி அதிகமாக வளரலாம், ஈறு தடிக்கலாம். 'ஏன் இவருக்கு மட்டும் இப்படி' என்ற கேள்விக்கு மாத்திரை அட்டையில் பதில் இருக்கும்.

நாற்காலியில் வலிப்பு வந்துவிட்டால்: கையில் இருக்கும் கூர்மையான பொருளை முதலில் தள்ளி வையுங்கள், அவரைத் தரையில் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், மணி பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

பிளேடு ஒருவருக்கு ஒன்று என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஷேவிங் பிரஷ், ஒரே படிகாரக் கட்டி எல்லாருடைய கன்னத்திலும் உருள்வதை யாரும் கவனிப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். மூடிய விடுதிகளில் சேர்ந்து வாழ்பவர்களிடம் இந்தத் தொற்று அதிகம் என்பதால், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லங்களில் இருப்பவர்களுக்கும் ஊழியர்களுக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல காலமாகச் சொல்லிவருகிறது. பிரஷ்ஷுக்குப் பதில் கையால் நுரை பூசலாம். படிகாரத்துக்குப் பதில் பஞ்சு.

செய்துவிடுவதா, சொல்லிக்கொடுப்பதா?

12 பேரில் நான்கைந்து பேராவது தானே ஷேவ் செய்யக் கற்றுக்கொள்ளக்கூடியவர்களாக இருப்பார்கள் என்று நம்பித் தொடங்குங்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்குச் சிறப்புக் கல்வியில் ஒரு நல்ல முறை இருக்கிறது: ஒரு வேலையைக் குட்டிக் குட்டிப் படிகளாக உடைப்பது.

நாம் 'ஷேவ் பண்ணு' என்று ஒரு சொல்லில் சொல்வதை எழுதிப் பாருங்கள். கண்ணாடி முன் நில். முகத்தை நனை. நுரையை உள்ளங்கையில் எடு. வலது கன்னத்தில் பூசு, இடது கன்னத்தில் பூசு, தாடையில் பூசு. ரேசர் மூடியைக் கழற்று. இப்படியே போனால் இருபது படியாவது வரும். இதைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுப்பது ஒரு உத்தி. 19 படிகளை நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் படியை, அதாவது முகத்தைத் துடைத்துக் கண்ணாடியில் பார்ப்பதை, அவர் செய்யட்டும். அது பழகியதும் கடைசி இரண்டு படி. பிறகு மூன்று. ஒவ்வொரு நாளும் வேலையை 'முடித்தவர்' அவராகவே இருப்பார், அதனால் பாதியில் சலிப்பு வராது. முன்னாலிருந்து கற்றுக்கொடுத்தால் முதல் படியோடு நாம் பிடுங்கிக்கொள்வோம்.

பழக ஆரம்பிக்கும்போது பிளேடு தேவையே இல்லை. கண்ணாடியின் மேல் நுரையைப் பூசி, ஐஸ்கிரீம் குச்சியால் வழிக்கச் சொல்லுங்கள். பிறகு தன் கன்னத்திலேயே அதே குச்சி. கை எந்தத் திசையில் போக வேண்டும் என்று பழகிய பிறகு டிரிம்மர். ஈரச் சவரம் வேண்டுமென்றே இல்லை, டிரிம்மரோடு நிறுத்திக்கொண்டால் குடி மூழ்கிவிடாது. படிகளைப் போட்டோ எடுத்து லேமினேட் செய்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். போட்டோவில் அவருடைய முகமே இருந்தால் நல்லது.

கன்னத்தோடு முடிவதில்லை ஆண் உடல். அக்குள், அந்தரங்க முடி, வியர்வை நாற்றம், உள்ளாடை மாற்றுவது பற்றியெல்லாம் பேச முகாமில் ஒரு தனி அறையும் ஒரு மூத்த ஆண் பயிற்றுநரும் இருக்கட்டும். வெட்கப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். எந்த வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டும், உடம்பின் எந்த இடத்தை யார் தொடலாம், பிடிக்காவிட்டால் எப்படிச் சொல்வது என்பதைப் பேச இதைவிட இயல்பான சந்தர்ப்பம் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகள் அல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மாற்றுத்திறனாளிகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. உங்கள் முகாமுக்கும் இது பொருந்தும்: எந்தத் தன்னார்வலரும் பங்கேற்பாளரோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது, அந்தரங்க முடியைத் தன்னார்வலர்கள் யாரும் தொடக் கூடாது. படமும் பொம்மையும் வைத்துச் சொல்லிக்கொடுப்பதோடு சரி.

போட்டோ, போஸ்ட், பணம்

'பிஃபோர்-ஆஃப்டர்' படம் போட கை துறுதுறுக்கும். 'பிஃபோர்' படத்தில் இருப்பது என்ன? அழுக்காக, பரட்டையாக ஒரு மனிதர். உங்கள் அப்பாவை அப்படி லிங்க்ட்இனில் போடுவீர்களா?

சட்டப்படியும் யோசிக்க வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு, சட்டப்பூர்வப் பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவைக் கையாள அந்தப் பாதுகாவலரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பலர் அறியாத ஒன்று, மகனுக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். ஆகவே 'அம்மா ஓகே சொன்னாங்க' என்பது எல்லா நேரமும் போதாது, 'மையம் ஓகே சொன்னது' என்பது எப்போதுமே போதாது. அவரிடம் படத்தைக் காட்டி, 'இதை எல்லாரும் பார்ப்பாங்க, பரவாயில்லையா?' என்று கேட்பது சட்டத்துக்கு முந்தைய மரியாதை. சந்தேகம் இருந்தால் கைகளையும் கத்தரிக்கோலையும் மட்டும் படம் எடுங்கள்.

பணம் பற்றி ஒரு வரி, உங்கள் நிதிப் பிரிவு கேட்கும் என்பதால். மாரத்தான், விருது விழா போன்ற ஒரு நாள் நிகழ்வுகள் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் சமூகப் பொறுப்புச் செலவில் சேராது என்று 2014-லேயே கம்பெனி விவகார அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ஊழியர்களின் தன்னார்வ நேரத்தையும் பணமாகக் கணக்கிட முடியாது. ஆக, ஒரு நாள் முகாமாக மட்டும் வைத்தால் அந்தக் கணக்கில் காட்டுவது கடினம். ஆறு மாதத்துக்கு மாதம் இருமுறை சலூன்காரரை வரவழைக்கும் திட்டமாக, மையத்தோடு ஒப்பந்தம் போட்டு நடத்தினால் நிலைமை வேறு. இந்த ஒரு விஷயத்தில் கணக்கு விதியும் தலைமுடி வளர்வதும் ஒரே பக்கம் நிற்கின்றன.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. பெற்றோர் அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பான 'பரிவார்' மூலம் உங்கள் ஊர்ப் பெற்றோர் சங்கத்தைப் பிடிக்கலாம். சங்கத்தின் அம்மாக்கள் சொல்வதைவிட நடைமுறையான யோசனையை எந்த நிபுணரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த பெங்களூரு மையத்துக்குச் சில மாதம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை ஒரே ஒரு சலூன்காரர், எதிர்த் தெருக்காரர், காலையில் ஐந்து பேர் மட்டும். மீசைக்காரரின் முறை வந்தது. மீசை முக்கால்வாசி வளர்ந்திருந்தது. மேசையில் பரப்பிவைத்த பட அட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து தன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்து, அதில் இருந்த போட்டோவின் மேல் விரலை வைத்தார். சலூன்காரர் அட்டையை வாங்கிக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, 'இதே மாதிரி தானேண்ணே?' என்று கேட்டுச் சீப்பை எடுத்தார்.